வாசல் திரும்பின சின்னக் கோயில்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். வாசிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நம் மாதர் சங்கத்தில், "சித்தூர் போய் வந்தீங்களே, பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். எழுந்து நின்று பேசச் சொல்லவில்லையே, அதுவரைக்கும் நல்லது என்று ஒப்புக்கொண்டேன்.

எல்லை பிரித்துத் திருத்தணி நம் பக்கம் வந்ததற்கு மறுவருஷம் நடந்த பயணம் இது. என் வீட்டுக்காரர் சித்தூர் கோர்ட்டில் டவாலி போட்ட சேவகராக இருந்தவர். அவர் போன பிறகும் நான் சித்தூரில்தான் இருந்தேன். மகன் தாலுக்கா ஆபீசில் வேலை பார்க்கிறான். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவனைக் கேட்டபோது இந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தேன். அப்படிப் பல தமிழ்க் குடும்பங்கள் வந்துவிட்டன.

நாங்கள் சித்தூரில் தொழுதது பேட்டையில் இருந்த சின்னக் கோயிலில். பெரிய சர்ச் வேறே இருந்தது. அது உத்தியோகஸ்தர்களுக்கு. எங்களுக்குச் சின்னக் கோயில். எல்லை பிரிக்கிறதற்கு முந்தின மழையில் அதன் மச்சு உள்ளே விழுந்துவிட்டது. விட்டம் எல்லாம் கறையான். நல்லவேளை, ஆள் இல்லாத நேரம். இப்போது புதிதாகக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்கிறோம், பழைய ஜனம் எல்லாரும் வர வேண்டும் என்று தேவசகாயம் ஐயா கார்டு போட்டிருந்தார். அவர் வெல்ல மண்டியில் கணக்குப்பிள்ளை. அந்தச் சபையில் பாக்கி இருந்த தமிழ் மூப்பர் அவர் ஒருவர்தான்.

நான் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மூத்த பெண் கிருபை அந்தக் கோயிலின் கிழக்குச் சுவருக்குப் பின்னால் இருக்கிறாள். கைக்குழந்தையாகப் போனவள். அன்றைக்கு நீவா ஆற்றில் வெள்ளம். கல்லறைத் தோட்டம் அக்கரையில். தண்ணீர் வடிகிற வழியாகக் காணோம். அப்போதிருந்த போதகர் மனசிரங்கி, கோயில் மனையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். பலிபீடத்துக்குப் பின்னால், வட்ட சன்னலுக்கு நேராக. கூரைத் தண்ணீர் சொட்டி மேலே விழக்கூடாது என்று, சுவரிலிருந்து ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற தூரம் தள்ளி என் வீட்டுக்காரரே தோண்டினார். சுற்றிலும் செங்கல்லைக் குத்துக்கல்லாக நட்டார். பேர் எழுதவில்லை. அங்கே யாருக்கும் போக வேலையில்லை, கோயிலின் முதுகுப் பக்கம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து நான் மட்டும் சுற்றிப்போய் நின்றுவிட்டு வருவேன். இடிபாடு அள்ளினபோது அந்தச் செங்கல் என்ன ஆயிற்றோ என்பதுதான் என் கவலை.

கூட வந்தவள் என் நாத்தனார் எஸ்தர். என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். திருப்பதியில் அவள் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அங்கே தங்கிவிட்டுச் சித்தூர் போகலாம் என்று அவள் யோசனை.

வண்டியில் நகரியில் நெசவுக்காரர்கள் ஏறினார்கள். நூல் மூட்டையும் துணி மூட்டையுமாக எங்கள் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே எஸ்தரைப் பார்த்து, எல்லையைத் தாண்டி ஆந்திராவுக்கு வந்துவிட்டீர்கள், காற்று ஏதாவது மாறித் தெரிகிறதா என்று கேட்டார். "உங்க மூட்டை நாத்தம்தான் தெரியுது நைனா" என்றாள் இவள். அவரும் சிரித்தார். அவருக்கு வீட்டில் பேசுகிறது தமிழ், மூட்டை போடுகிற கடையில் பேசுகிறது தெலுங்காம். தறிக்கு ரெண்டும் காதில் விழாது என்று சொன்னார்.

ரேணிகுண்டாவில் இறங்கித் திருப்பதி போகிற சின்ன வண்டிக்கு மாற வேண்டும். நின்றுகொண்டிருந்த வண்டியில் எஸ்தர் ஏறிவிட்டாள். என்ஜின் இருந்த பக்கத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். ஆனால் அவள் அவ்வளவு தைரியமாக ஏறினபோது நான் என்ன சொல்வது. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து மலை வலப்பக்கம் வராமல் பின்னால் போனது. எதிரில் இருந்த பெரியவர், இது கூடூர் போகிற வண்டி என்றார். ஏர்பேட்டில் இறங்கினோம்.

ஏர்பேட்டில் வெயிலும் நாங்களும் ஒரு வேப்பமரமும்தான். திரும்பி வருகிற வண்டி சாயங்காலம். களத்து மேட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்து, பாட்டிமார் இரண்டு பேர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெலுங்கில் விசாரித்தாள். வழி தவறிய கதையை எஸ்தர் சொன்னாள், தவறினது நான் என்கிற மாதிரி. அந்த அம்மாள் ஒரு சொம்பு மோரும் பச்சை வெங்காயமும் கொண்டுவந்து கொடுத்தாள். மோர் புளித்திருந்தது. நம் ஊரில் இந்த மோரைப் பிறத்தியாருக்குக் கொடுக்க வெட்கப்படுவோம். எனக்கு என்னவோ அன்றைக்கு அதைப்போல ஒன்று குடித்ததில்லை என்று தோன்றியது. கால் வீங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே வண்டி ஏறினேன்.

திருப்பதியில் மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். எஸ்தரின் மகள் வீடு சத்திரங்கள் இருக்கிற தெருவுக்குப் பின்னால். சன்னலைத் திறந்தால் மொட்டைத் தலைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. சந்தனம் பூசின தலை, பூசாத தலை, அம்மா மடியில் அழுகிற தலை. நம் திருத்தணியிலும் மொட்டை உண்டு, ஆனால் நம் ஊரில் ஆடிக்கு ஒரு கூட்டம், பிறகு ஓய்வு. இங்கே ஓய்வே கிடையாது. ஊர் தூங்குகிறதா என்று கேட்டேன். "தூங்கினா துன்னறது எப்படி" என்றாள் அந்தப் பெண். இட்டிலி பெரிதாகவும் சட்டினி கண்ணில் நீர் வருகிற மாதிரியும் இருந்தது. கோங்கூரா என்கிற புளிச்சக்கீரை ஊறுகாயை எஸ்தர் சோற்றில் வாரிப் போட்டுக்கொண்டாள். எனக்கு வாய்க்குப் பிடிக்கவில்லை. உடம்பு அலுப்பு, மனசு சித்தூரில் இருந்தது.

சித்தூருக்கு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தோம். ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறியிருந்தது. வேறே ஒன்றும் மாறவில்லை. வெல்ல வாசனை அப்படியே. ஜட்கா ஏறி நேரே பேட்டைக்கு விடச் சொன்னேன். தேவசகாயம் ஐயா வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு போகலாம் என்று எஸ்தர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

பழைய கோயில் எப்படி இருந்தது என்று அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். முதலில் அது ஓலைக் கொட்டகை. பகலில் பள்ளிக்கூடம், ஞாயிறு கோயில். பிறகு சுவர் வைத்து நாட்டு ஓடு போட்டார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது மச்சு போட்டாகிவிட்டது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், கடுக்காயும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைத்த சுண்ணாம்பு. தொட்டால் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கும். உள்ளே ஆறு கல்தூண். கீழே சதுரம், மேலே எட்டுப் பட்டை. பாய் போட்டு உட்காருவோம், இடப்பக்கம் பெண்கள். மேற்கே சந்துப் பக்கம் பார்த்து வாசல். குனிந்துதான் நுழைய வேண்டும். கிழக்கே பலிபீடம், அதற்கு மேலே வண்டிச் சக்கரம் மாதிரி மர ஆரம் வைத்த வட்ட சன்னல். விடியற்காலம் தமிழ் ஆராதனை. வெயில் சன்னல் வழியாக வந்து பின் தூண் வரைக்கும் நீளும். அது சுருங்கிப் பலிபீடத்துக்குக் கிட்டே வரும்போது எங்களை முடித்துக்கொள்ளச் சொல்லித் தெலுங்கு ஜனங்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஜட்கா சந்தில் நின்றது. இறங்கினேன். வாசலைக் காணோம். வாசல் இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ, ஏர்பேடு மாதிரி, என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றி நடந்தேன். கிழக்குப் பக்கம் திரும்பினதும் கோயில் என்னைப் பார்த்து நின்றது.

வாசல் அங்கே இருந்தது. வட்ட சன்னல் இருந்த சுவரில், நட்டநடுவில், இரட்டைக் கதவு. விழுந்த தூண்களில் உடையாத இரண்டைக் கதவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். மேலே கூர் வளைவு, அதற்கு மேல் சிமெண்டில் தாமரைப் பூ, பூவின் மேல் சிலுவை. மூலைக்கு ஒரு குடம். காங்கிரீட்டு மச்சு. உள்ளே தூணே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அழகாகத்தான் கட்டியிருந்தார்கள். குறை சொன்னால் நாக்கு அழுகும். வாசலுக்கு முன்னால் மண்ணைச் சமன் செய்து, படிக்கு வேண்டிய கல் மூன்றை ஓரமாகப் போட்டிருந்தார்கள். ஏறுவதற்கு ஒரு பலகை சாய்த்திருந்தது. செங்கல் ஒன்றுகூட இல்லை. அவள் இருந்த இடம் எது என்று தெரியாமல் தரை முழுவதும் ஒன்றாக இருந்தது. அதன் மேல் சித்தாள்கள் செருப்புக் காலோடு சட்டி தூக்கிக்கொண்டு போய் வந்தார்கள்.

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேவசகாயம் ஐயா வீட்டில்தான் தங்கினோம். அவர் மனைவி ரத்தினம்மா தெலுங்குக்காரி. என்னை வதினா என்பாள், அண்ணி என்று அர்த்தம். ஆக எனக்கு இரண்டு பக்கமும் அண்ணி உறவு. அவள் ராகி சங்கடி, நம் கேழ்வரகுக் களிதான், கிளறிக் கடலைச் சட்டினி அரைத்திருந்தாள். உருண்டையைப் பிட்டு வாயில் போட்டேன், இறங்கவில்லை. கோயில் ஏன் திரும்பிற்று என்று எஸ்தர்தான் கேட்டாள்.

தேவசகாயம் ஐயா சொன்ன கதை இது. கோயிலைக் கட்டின சுப்பய்ய மேஸ்திரி திருப்பதிப் பக்கத்துக்காரர். சத்திரமும் கோயில் மண்டபமும் கட்டிப் பழகினவர். பழைய அஸ்திவாரத்தின் மேலேயே எழுப்பச் சொல்லி விட்டுவிட்டார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. தெய்வம் இருக்கிற வீட்டுக்குக் கிழக்கு வாசல் என்பது அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியே இல்லை. வாசக்கால் வைக்கிற நாளில் ஐயா வேலூரில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். பழையதை அறிந்த மற்றத் தமிழ்க் குடும்பங்கள் எல்லை தாண்டிப் போய்விட்டன. தெலுங்கு மூப்பர்கள், தமிழர்கள் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். போதகரோ கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்த இளவயதுக்காரர், பழைய கோயிலைப் பார்த்ததே இல்லை. வாசக்காலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, ஜெபம் பண்ணி நிறுத்திவிட்டார்கள். ஐயா கண்ணில் பச்சைத் துணியோடு திரும்பி வந்து, மேற்கே போய் வாசலைத் தடவித் தடவித் தேடினாராம்.

"எடுத்து மாத்தி வெக்கச் சொல்றதுதானே" என்றாள் எஸ்தர்.

நிறுத்தின வாசக்காலை யாரம்மா பிடுங்குவார்கள் என்றார் அவர். அது உண்மைதான். அந்த விஷயத்தில் இந்துவும் ஒன்று, நாமும் ஒன்று. போதகர், கர்த்தர் எல்லாத் திக்கிலும் இருக்கிறார் என்று முடித்துவிட்டார். மேஸ்திரி மூலைக்குக் கலசம் வைத்ததற்கும் சிலர் முகம் சுளித்தார்களாம். வேதத்தில் வருகிற கானாவூர்க் கல்யாணத்தில் இருந்த தண்ணீர்க் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று போதகரே சொல்லிச் சமாதானம் பண்ணினாராம்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஐயா, நாளைக்குக் காலையில் படிக்குக் குழி தோண்டிவிட்டால் வேலை முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை என்றார்.

எஸ்தர் என் தொடையைக் கிள்ளினாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சபையில் நான் இப்போது யார். பேர் வெட்டிக்கொண்டு வேறே ராஜ்யத்துக்குப் போனவள். கட்டினவர்கள் அவர்கள், கஷ்டப்பட்டவர்கள் அவர்கள். நாளை மறுநாள் பிரதிஷ்டை வைத்திருக்கிறவர்களிடம் போய் நான் என்ன கேட்பது. கைகழுவப் போனபோது கிணற்றடியில் எஸ்தர் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தெறக்க மாட்டியா அண்ணி? ரேணிகுண்டாவுல வாயத் தெறக்காத, ஏர்பேட்டுல போய் வெயில் காஞ்சோம். இது அப்படியா? நான் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். இதை இன்னொருத்தி சொல்லி அவர்கள் கேட்கக் கூடாது என்று தோன்றிற்று.

மறுநாள் விடிந்ததும் நான் போய் அந்த வாசலுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். இங்கேதான் என்று நிச்சயமில்லை. கதவுக்கு நேரே, உத்தேசமாக. எதிரில் சூரியன். முன்பெல்லாம் நான் சுவருக்குப் பின்னால் நிழலில் நிற்பேன். இப்போது அந்த இடம் முழுக்க வெளிச்சம், தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். நரைத்த மீசை, தலையில் முண்டாசு. பெரியம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், வேலை தொடங்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் திரும்பவும் சொன்னார். காது கேட்காதவள் என்று நினைத்தோ என்னவோ குனிந்து கையால் காட்டினார்.

"இங்க என் பொண்ணு இருக்கறா. கடப்பாரை போடாதீங்க" என்றேன்.

தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கடப்பாரையைத் தரையில் படுக்கவைத்துவிட்டு முண்டாசை அவிழ்த்தார். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். அவள் அப்பா இடுப்பு வரைக்கும் இறங்கித் தோண்டினார் என்று சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர் எதிரில் குந்திக்கொண்டார்.

"யாரும் எனக்குச் சொல்லலம்மா. கிழக்கு வாசல் வெச்சது நான், அதை எங்க வேணாலும் ஒத்துக்கறேன். கீழ யார் இருக்காங்கன்னு மண்ணு சொல்லுமா?" அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அவர் குரலில் என் பேரில் கோபம் இல்லை. சொல்லாதவர்கள் பேரில் இருந்தது.

அதற்குள் எஸ்தர் போய்ப் போதகரையும் தேவசகாயம் ஐயாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் ரத்தினம்மா. போதகர் நல்ல பிள்ளை. முகம் வெளுத்துப்போய் நின்றார். கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்து, ஜெபம் பண்ணி, மரியாதையாக மாற்றிவிடலாம் என்றார். ஐயா எனக்கு அதைத் தமிழில் சொன்னார், எனக்குத் தெலுங்கு தெரியும் என்பதை மறந்துவிட்டு.

"அவளை எழுப்ப வேணாம் ஐயா" என்றேன்.

படி இல்லாமல் ஜனங்கள் எப்படி உள்ளே ஏறுவார்கள் என்று ஐயா கவலைப்பட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சரியான இடம் எது என்று கேட்டார். சன்னலுக்கு நேர், அதாவது கதவுக்கு நேர், சுவரிலிருந்து என் வீட்டுக்காரர் நீட்டிப் படுக்கிற தூரம் என்றேன். அவர் உயரம் எவ்வளவு என்றார். எனக்கு எப்படிச் சொல்லத் தெரியும். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் ஏற்றினேன், கொஞ்சம் இறக்கினேன்.

"நகருங்க" என்றாள் எஸ்தர். "எங்க வூட்ல அண்ணனும் நானும் ஒரே ஒசரம். அவரு சொக்கா எனக்குச் சரியா இருக்கும்னு எங்கம்மா திட்டும்."

சொல்லிவிட்டு உடுத்தியிருந்த நல்ல புடவையோடு, சுவரில் தலையை முட்டுக்கொடுத்து, வாசலுக்கு நேராக மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டாள். போதகர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் ஒரு வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "முழங்காலை மடக்காத நீட்டும்மா" என்று மேஸ்திரி சொல்ல, மடக்கவே இல்லை, வயசானால் அவ்வளவுதான் நீளும் என்று படுத்தபடியே சண்டைக்குப் போனாள். ரத்தினம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. மேஸ்திரி அவள் பாதத்துக்கு அப்பால் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார். அதற்குமேல் ஒன்றரை முழம் தள்ளி இன்னொரு கோடு, பிள்ளை நீளத்துக்கு. பிறகு படிக்கல்லை அளந்து பார்த்தார்.

படி மூன்றும் எஸ்தர் படுத்த இடத்துக்குள் அடங்கிவிடும், கடப்பாரை பிள்ளையிடம் போகாது, கடைசிப் படியோடு நின்றுவிடும் என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஐயா, தோத்திரம் என்றார். போதகர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எஸ்தர் முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பக்கம் கிளம்பப் போனார்கள்.

நான் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிப் படிக்குக் கீழே, அடுத்த அடி. எந்தக் கோயிலிலும் அந்த இடத்துக்கு ஒரு வேலைதான் உண்டு. எனக்கு இவ்வளவு செய்தவர்களிடம் இன்னும் கேட்கிறோமே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் பத்தடி போன பிறகுதான் வார்த்தை வந்தது.

"படி வரட்டும் ஐயா. நாளைக்கு ஜனங்க செருப்பெல்லாம் எங்க விடுவாங்க?"

மேஸ்திரி குனிந்து தன் கால் செருப்பைப் பார்த்தார். கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் வைத்துவிட்டு வந்தார்.

போர்டு எழுதி வைக்கலாமா என்று ஐயா கேட்டார். எந்தப் பாஷையில் என்று ரத்தினம்மா கேட்டாள். போர்டு வேண்டாம், பேரும் வேண்டாம் என்றேன். வருகிறவர்களுக்கு எல்லாம் என் கதை எதற்கு. மேஸ்திரி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வரிசைச் செங்கல்லைப் படுக்கவைத்து, அந்த இடமும் உள்ளே அடங்குகிற மாதிரி வாசலுக்கு முன்னால் ஒரு தாழ்ந்த மேடை கட்டிவிடுகிறேன், உள்ளே மண் நிரப்பி மணல் போட்டுவிடலாம் என்றார். அவ்வளவு தாழ்ந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்றார் ஐயா.

"காலுக்குத் தெரியும்" என்றார் மேஸ்திரி. "கோயில் முன்னால ஒரு படி தட்டினா, நம்ம ஜனத்துக்குக் கால் தானா செருப்பை விட்ரும்."

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் படியும் மேடையும் முடிந்துவிட்டன. மணல் பரப்பும்போது நானும் ஒரு கூடை போட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை ஜனம் வந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து நம் பழைய தமிழ்க் குடும்பங்கள் சில வந்திருந்தன. எல்லாரும் சந்துப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுச் சுற்றி வந்தார்கள். நானும் எஸ்தரும் மேடைக்கு வெளியில் ஓரமாக நின்றோம். முதலில் ஒரு குடும்பம் வந்தது. செங்கல் ஓரத்தில் கால் பட்டதும் பேசிக்கொண்டே செருப்பை விட்டுவிட்டு ஏறினார்கள். அடுத்து வந்தவர்கள் அந்தச் செருப்பைப் பார்த்து அங்கேயே விட்டார்கள். அப்புறம் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரசங்கத்துக்கு வந்த பெரிய போதகர் கயிறு கட்டின பூட்ஸ் போட்டிருந்தார். அதோடு ஏறிவிடுவாரோ என்று நான் ஓரடி முன்னால் போனேன். அவர் ஓரத்தில் குவிந்திருந்ததைப் பார்த்தார், நின்றார். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, நிதானமாகக் கயிறு அவிழ்த்து, காலுறையையும் உருவிவிட்டு நடந்தார். பாதம் வெள்ளைவெளேரென்று இருந்தது. "கோழிக்குஞ்சு மாதிரி" என்று எஸ்தர் என் காதில் சொன்னாள்.

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். முதல் பாட்டு தெலுங்கில் தொடங்கிவிட்டது. எஸ்தரும் படியேறி நின்றுகொண்டு என்னை வா வா என்று கையாட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேற்கு வாசல் இல்லை. உள்ளே போக வேண்டுமானால் இதன் மேல்தான் நான் நடக்க வேண்டும். மற்றவர்கள் வெறுங்காலோடு நடக்கட்டும் என்று கேட்டவள், என் காலைப் பற்றி யோசிக்கவில்லை. உள்ளே பாட்டு மாறித் தமிழில் எடுத்தார்கள். மேஸ்திரி தெரு ஓரத்தில் கைகட்டி நின்றிருந்தார், அவர் உள்ளே வருகிறவர் இல்லை. என்னைப் பார்த்தார், பிறகு வேறெங்கோ பார்த்தார்.

செருப்பை விட்டேன். காலை வைத்தேன். கிழக்கு வெயில் பட்டு மணல் இளஞ்சூடாக இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டக் கை வைத்துப் பார்க்கிற தண்ணீர்ச் சூடு. இரண்டு அடி வைத்தால் தாண்டிவிடலாம், நான் மூன்று நான்காகச் சின்னச் சின்னதாக வைத்துப் போனேன்.

ஆராதனை நன்றாக நடந்தது. பிரசங்க வசனம் எது என்று மறந்துவிட்டேன். விருந்தில் கத்தரிக்காய்க் கூட்டில் உப்பு கூட. திரும்பி வந்ததில் எழுத ஒன்றும் இல்லை, வண்டியில் தூங்கிவிட்டேன்.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். தூண் ஆறா எட்டா, மச்சு விழுந்தது எந்த மாதம், பழைய போதகர் காலம் எது என்பதெல்லாம் அறிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். எனக்கு இனி அவ்வளவு தூரம் போக உடம்பு இடங்கொடாது. ஆகையால் சித்தூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது, எப்படியும் விவரம் விசாரிக்கத்தானே போகிறீர்கள், அந்தச் சின்னக் கோயில் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நின்று, ஜனங்கள் செருப்பைச் செங்கல்லுக்கு வெளியிலேதான் விடுகிறார்களா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.